புது போன்ல எந்த ஆப்ப எந்த வரிசைல போடணும்: முழுமையான வழிகாட்டி

பழைய வண்ணாரப்பேட்டைல எங்க சந்துல யாரு புது போன் வாங்கினாலும் ஞாயித்துக்கெழம சாயங்காலம் எங்க வீட்டு வாசப்படில வந்து குந்திடுவாங்க. "தம்பி, இதுல எல்லா ஆப்பையும் போட்டுக் குடு"ன்னு ஒரே வரிதான். எந்த ஆப் நல்ல ஆப்னு இப்ப எல்லாருக்கும் தெரியும், டீக்கடைல கேட்டாக்கூட சொல்லிடுவாங்க. எத மொதல்ல போடணும், எத அப்புறம் போடணும்னு தான் தெரியல. கடையிலயே வாட்ஸ்அப்பும் ஜிபேவும் போட்டுட்டு வந்துடுறாங்க, ரெண்டு மாசம் கழிச்சு போன் ஹேங் ஆகி ரீசெட் அடிச்சதும் எல்லாம் போச்சுன்னு ஓடி வர்றாங்க.

அதனால கீழ இருக்கிற வரிசைய மாத்தாதீங்க. ஆண்ட்ராய்டு போன வச்சுத்தான் எழுதுறேன், எங்க சந்துல ஏறக்குறைய எல்லார் கையிலயும் அதான். மெனு பேரு கம்பெனிக்கு கம்பெனி கொஞ்சம் முன்னபின்ன இருக்கும், தேடுனா கிடைச்சிடும்.

## 1. உக்காரதுக்கு முன்னாடி கையில என்னென்ன இருக்கணும்

ஆதார் கார்டு. பேங்க் டெபிட் கார்டு. பேங்க்ல குடுத்த நம்பரோட சிம். ஒரு பேப்பர், ஒரு பேனா. வைஃபை இல்லன்னா ரெண்டு மூணு ஜிபி டேட்டா, ஏன்னா புது போன்னு சொல்லிக் குடுத்தாலும் அப்டேட்டே நெறைய இழுக்கும். கண்ணாடி போடுறவங்க கண்ணாடிய எடுத்துட்டு வாங்க, சிரிக்காதீங்க, பாதி தப்பு அங்கதான் நடக்குது.

ரொம்ப முக்கியமா பழைய போன். எக்ஸ்சேஞ்ச்ல அம்பது நூறு கூட கிடைக்குதேன்னு கடையிலயே குடுத்துட்டு வந்துடாதீங்க. வாட்ஸ்அப் பேக்கப், போன்லயே சேவ் ஆன நம்பருங்க, பழைய ஜிமெயில் எல்லாம் அதுக்குள்ள தான் இருக்கு. புது போன் ஒரு வாரம் ஒழுங்கா ஓடுற வரைக்கும் பழச ரீசெட் பண்ணாதீங்க.

இன்னொன்னு, ஆதார்ல எந்த நம்பர் இருக்குன்னு இப்பவே பாத்துடுங்க. நெறைய பேருக்கு பத்து வருஷத்துக்கு முன்னாடி குடுத்த நம்பர் தான் இருக்கும், அந்த சிம்ம ரீசார்ஜ் பண்ணாம விட்டிருப்பாங்க, மாசக்கணக்கா சும்மா கெடந்த நம்பர கம்பெனி வேற ஆளுக்குக் குடுத்துடும். அப்புறம் உங்க ஆதார் ஓடிபி எவனோ ஒருத்தனுக்குப் போயிட்டு இருக்கும். அப்படி இருந்தா ஆதார் சென்டருக்குப் போய் நம்பர மாத்திட்டு வந்து மீதிய செய்ங்க. அதுக்கு முன்னாடி டிஜிலாக்கர் (லைசென்ஸ், ஆர்சி மாதிரி டாக்குமென்ட போன்ல வச்சிக்கிற அரசாங்க ஆப்) பக்கமே போக வேணாம்.

## 2. சிம்ம போட்டு பேசிப் பாருங்க

ரெண்டு சிம் இருந்தா பேங்க் நம்பர மொத ஸ்லாட்ல போடுங்க. இப்படித்தான் போடணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல, ஆனா பின்னாடி யூபிஐ ஆப் எந்த சிம்முன்னு கேக்கும்போது கொழப்பம் வராது.

போட்டதும் அதுலேர்ந்து ஒரு கால் பண்ணுங்க, ஒரு எஸ்எம்எஸ் அனுப்புங்க. வாட்ஸ்அப் மெசேஜ் இல்ல, சாதா எஸ்எம்எஸ். போகலன்னா பிளான் முடிஞ்சிருக்கு, இல்ல அந்த பிளான்ல எஸ்எம்எஸ் இல்ல. இத இப்ப சரி பண்ணலன்னா எட்டாவது ஸ்டெப்புல மாட்டிக்குவீங்க.

அடுத்து *#06# அடிங்க. பதினஞ்சு எண்ணுல ஐஎம்இஐ நம்பர் வரும், அதான் போனோட அடையாள நம்பர், ரெண்டு சிம்னா ரெண்டு நம்பர். பேப்பர்ல எழுதுங்க. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அதே போன்ல வச்சிக்கிறவங்கள நான் பாத்திருக்கேன், போன் தொலைஞ்சா அதுவும் கூடவே தொலையும்ல.

## 3. கூகுள் அக்கவுண்ட் உங்களுதா இருக்கணும்

பேஜாரு அத்தனையும் இங்கதான் ஆரம்பிக்குது.

என் மொத போனுக்கு நடந்தது சொல்றேன். கடைல பையன் "அண்ணா, மெயில் ஐடி இருக்கா"ன்னான், இல்லன்னேன், டக்குனு ஏதோ ஒண்ணு தட்டி ரெடி பண்ணிக் குடுத்துட்டான். பாஸ்வேர்டு என்னன்னு நானும் கேக்கல, அவனும் சொல்லல. ஒரு வருஷம் கழிச்சு ரீசெட் பண்ணா, முன்னாடி இருந்த அக்கவுண்ட போடுன்னு போன் கேக்குது. திருட்டு போன யாரும் ரீசெட் பண்ணி விக்கக்கூடாதுன்னு வச்ச பூட்டு அது, என் போன்லயே என்னைய வெளிய நிறுத்திடுச்சு. கடைக்குப் போனா அந்தப் பையன் வேலைய விட்டே போயிட்டான்.

அதனால ஏற்கனவே மெயில் இருந்தா அதையே போடுங்க, போனுக்கு ஒரு மெயில் புதுசா தொறக்காதீங்க. இல்லன்னா நீங்களே உக்காந்து தொறங்க. ஐடியையும் பாஸ்வேர்டையும் பேப்பர்ல எழுதுங்க, பெரிய எழுத்து எது சின்ன எழுத்து எதுன்னு தெளிவா தெரியற மாதிரி.

அப்புறம் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல செக்யூரிட்டி பக்கம் போய் ரெகவரி நம்பர் போடுங்க, முடிஞ்சா வீட்ல இன்னொருத்தர் நம்பர். உங்க நம்பரையே போட்டா போனோட சேந்து சிம்மும் போயிட்டா கோடு எங்க வரும்? டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன் ஆன் பண்ணிட்டு, பேக்கப் கோடுன்னு பத்து கோடு குடுப்பான், அதையும் எழுதி வைங்க. போன் கையில இல்லாதப்ப உள்ள போறதுக்கு அதான் வழி.

வாட்ஸ்அப்ப இதுக்கு அப்புறம் தான் போடணும்னு சொல்றதுக்குக் காரணம் இருக்கு. வாட்ஸ்அப் பேக்கப் கூகுள் அக்கவுண்ட்ல தான் போய் உக்காரும். கடைக்காரன் தொறந்த மெயில்ல பேக்கப் போச்சுன்னா அது உங்களுக்கு திரும்ப வராது.

## 4. லாக்

பின் நம்பர் ஆறு எண்ணு போடுங்க. பேட்டர்ன் வேணாம், விரல் எண்ணெய் கண்ணாடில கோடு போட்டு வச்சிருக்கும், வெளிச்சத்துல சாச்சுப் பாத்தாலே தெரியும். பொறந்த வருஷமும் வேணாம்.

கைரேகை பத்தி ஒரு விஷயம். காசிமேட்டுல மீன் விக்கிற எங்க எதுர் வீட்டு அக்காவுக்கு கைரேகை வச்சுக் குடுத்தேன், மறுநாளே "தம்பி, இது என் கைய ஒத்துக்கவே மாட்டேங்குது"ன்னு வந்துட்டாங்க. காலைல நாலு மணிலேர்ந்து ஐஸ் தண்ணில ஊறுன கை, விரல் நுனியெல்லாம் சுருங்கிப் போயிருக்கு, போதாக்குறைக்கு செதில் ஒட்டியிருக்கு. போன் எப்படி அடையாளம் கண்டுபிடிக்கும்? கடைசில அவங்க அதிகம் தண்ணில வைக்காத எடது கை சுண்டு விரலையும் மோதிர விரலையும் பதிஞ்சோம், ஒரே விரல ரெண்டு தடவ பதிஞ்சோம், ஒண்ணு வேலைக்கு முன்னாடி, ஒண்ணு வேலை முடிஞ்சு. இப்ப தொறக்குது. துறைமுகத்துல லோடு எறக்குறவங்க, வெல்டிங் வேலை பாக்குறவங்களுக்கும் இதே கதை தான். எப்படி இருந்தாலும் பின் நம்பர் மனப்பாடமா தெரியணும், போன ஆஃப் பண்ணி ஆன் பண்ணா மொதல்ல அதைத்தான் கேக்கும்.

## 5. அப்டேட் பண்ணுங்க, குப்பைய தூக்குங்க

செட்டிங்ஸ்ல சிஸ்டம் அப்டேட் இருந்தா இப்பவே ஓட விடுங்க. ஆப்ப எல்லாம் போட்டு முடிச்சதும் ஓட விட்டா இடம் பத்தலன்னு நிக்கும்.

அது ஓடி முடிஞ்சதும் கம்பெனிக்காரன் கூடவே வச்சு அனுப்பின கேம், ஷாப்பிங், நியூஸ் ஆப்ப எல்லாம் தூக்குங்க. சிலத அன்இன்ஸ்டால் பண்ண விடமாட்டான், டிஸேபிள்னு இருக்கும், அத அமுக்குங்க. இதனால போன் கெட்டுப் போகாது, பயப்படாதீங்க. ஆனா பேரு புரியாத சிஸ்டம் ஆப்ப தொடாதீங்க.

டார்ச், கால்குலேட்டர், கியூஆர் ஸ்கேனர், காம்பஸ், கிளீனர், பேட்டரி சேவர்: இதுக்கெல்லாம் தனி ஆப்பே வேணாம். போன்லயே இருக்கு. டார்ச் அடிக்கிற ஆப்புக்கு உங்க கான்டாக்ட் எதுக்குங்க? கேக்குதுன்னா அது வெளிச்சம் காட்ட வரலன்னு அர்த்தம். இடம் காலி பண்ணணும்னா கூகுளோட ஃபைல்ஸ் ஆப் போதும், ஒரே போட்டோ ரெண்டு தடவ இருந்தாலும் காட்டிக் குடுக்கும்.

## 6. தமிழ் கீபோர்டு

இத ஏன் இவ்ளோ முன்னாடி வைக்கிறேன்னா, இதுக்கு மேல போடுற எல்லா ஆப்லயும் தேட வேண்டி வரும், வீட்ல பெரியவங்களுக்கு தமிழ்ல தேட முடிஞ்சா தான் அவங்களே பண்ணுவாங்க.

ஜிபோர்டுன்னு கூகுளோட கீபோர்டு இருக்கு, அதோட செட்டிங்ஸ்ல லாங்குவேஜஸ், அதுல தமிழ் இந்தியான்னு சேருங்க. மூணு விதமா அடிக்கலாம். இங்கிலீஷ் எழுத்துல அம்மான்னு அடிச்சா தமிழ்ல மாறுறது ஒண்ணு, தமிழ் எழுத்தே கட்டையில இருக்கிற தமிழ்99 ஒண்ணு, விரலால கண்ணாடி மேல எழுதுறது ஒண்ணு. வாட்ஸ்அப் தலைமுறைக்கு மொதலாவது. டைப்ரைட்டிங் பழகினவங்க, நெறைய எழுதுறவங்க தமிழ்99க்கு வாங்க, ரெண்டு வாரம் கஷ்டமா இருக்கும், அப்புறம் வேகம் புடிச்சுக்கும். எங்கம்மா மாதிரி ஆளுங்களுக்கு மைக் போதும். அமுக்கிட்டு பேசினா அதுவே எழுதும், நம்ம மெட்ராஸ் பாஷைய மட்டும் அப்பப்ப வேற ஏதோவா எழுதி வைக்கும், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவ படிச்சிடுங்க.

இங்கிலீஷ் கீபோர்ட தூக்கிடாதீங்க. பாஸ்வேர்டு அடிக்க அது வேணும். மாத்துறதுக்கு ஸ்பேஸ் பார அழுத்திப் புடிச்சா போதும்.

## 7. வாட்ஸ்அப்

பழைய போன்ல வாட்ஸ்அப்ப தொறந்து, சாட்ஸ்ல சாட் பேக்கப் போய் இப்பவே ஒரு பேக்கப் எடுங்க. வீடியோ சேக்காதீங்க. கூகுள்ல சும்மா குடுக்கிற 15 ஜிபிக்குள்ள தான் மெயில், போட்டோ, வாட்ஸ்அப் பேக்கப் மூணும் பங்கு போட்டுக்குது, கல்யாண வீடியோவும் குட்மார்னிங் ரோஜாப்பூவும் அதுல ரொம்பிட்டா மெயில் வர்றதே நின்னு போயிடும்.

அப்புறம் புது போன்ல அதே கூகுள் அக்கவுண்ட், அதே நம்பர் போட்டுத் தொறங்க. ரீஸ்டோர் பண்ணவான்னு கேக்கும். ஸ்கிப் அமுக்கிட்டா கதம், மறுபடி ஆப்ப எடுத்துட்டு மொதல்லேர்ந்து வரணும். அவசரத்துல பாதி பேரு இங்க தான் ஸ்கிப் அமுக்குறாங்க.

தொறந்ததும் மூணு வேலை. அக்கவுண்ட்ல டூ ஸ்டெப் வெரிஃபிகேஷன், ஆறு எண்ணு பின், ஓடிபிய யாராச்சும் ஏமாத்தி வாங்கினாலும் இது தெரியாம உள்ள வர முடியாது. பிரைவசில குரூப்ஸ்னு போய் என் கான்டாக்ட்ஸ் மட்டும்னு வைங்க, இல்லன்னா ஷேர் மார்க்கெட் குரூப்புல எவனோ கொண்டு போய் சேத்துடுவான். ஸ்டோரேஜ் அண்ட் டேட்டால ஆட்டோ டவுன்லோட ஆஃப் பண்ணுங்க. 64 ஜிபி போன் ஆறு மாசத்துல ரொம்புறதுக்கு அந்த மூணாவது தான் காரணம்.

## 8. பணம் அனுப்புற ஆப்

ஒண்ணு போதும். பீம், ஜிபே, போன்பே, பேடிஎம், எது வேணா வச்சிக்கோங்க, உள்ள ஓடுறது ஒரே யூபிஐ தான். நாலு ஆப் வச்சிருக்கிறவங்களுக்கு எதுல அனுப்பினோம்னே ஞாபகம் இருக்காது, காசு மாட்டிக்கிட்டா எதுல கம்ப்ளெயின்ட் போடுறதுன்னு தேடுவாங்க.

ரிஜிஸ்டர் பண்றது. ஆப் உங்க சிம்லேர்ந்து தானா ஒரு எஸ்எம்எஸ் அனுப்பும். பேங்க் நம்பர் இருக்கிற சிம் இதே போன்ல இருக்கணும், எஸ்எம்எஸ் போகணும், அதான் ரெண்டாவது ஸ்டெப்புல டெஸ்ட் பண்ண சொன்னேன். இது நடக்கும்போது வேற ஆப்புக்கு போகாதீங்க, ஸ்க்ரீன ஆஃப் பண்ணாதீங்க. அப்புறம் யூபிஐ பின் போட டெபிட் கார்டோட கடைசி ஆறு எண்ணும் எக்ஸ்பயரி தேதியும் கேக்கும், கார்டு இல்லன்னா ஆதார் ஓடிபி வழியும் இருக்கு. போன் லாக்குக்கு போட்ட அதே நம்பர யூபிஐ பின்னா போடாதீங்க, ஒண்ணு தெரிஞ்சா ரெண்டும் போச்சு.

மொத நாள் லிமிட். புது போன்ல போட்ட மொத 24 மணி நேரத்துக்கு மொத்தமா 5,000 ரூபாக்கு மேல போகாது. இது தெரியாம காலைல போன் மாத்திட்டு மதியம் எம்சி ரோட்டுல கல்யாணப் பொடவை எடுக்கப் போன ஒரு குடும்பம், பில்லு போட்டு பை கட்டின அப்புறம் பணம் போகாம முக்கா மணி நேரம் முழிச்சிட்டு நின்னுது. ஆஸ்பத்திரி, கல்யாணம், ஸ்கூல் ஃபீஸ் இருக்கிற வாரத்துல போன மாத்தாதீங்க.

பின் எப்ப அடிக்கணும். காசு அனுப்ப, பேலன்ஸ் பாக்க. அவ்ளோதான். காசு வர்றதுக்கு பின் கெடையாது, ஸ்கேனும் கெடையாது. "உங்களுக்கு ரீஃபண்ட் அனுப்புறேன், பின் போடுங்க"ன்னு எவன் சொன்னாலும் அவன் எடுக்க வந்தவன். இத சொல்லிக் குடுத்தா போதாது, அதனால நான் என் போன்லேர்ந்து அவங்களுக்கு ஒரு ரூபா அனுப்பிக் காட்டுவேன். "பாருங்க, எதாச்சும் அமுக்கினீங்களா? வந்துச்சா?" அப்ப தான் மனசுல நிக்கும்.

வியாபாரம் பண்றவங்களுக்கு. வாங்குறவன் நீட்டுற ஸ்க்ரீன நம்பாதீங்க. பச்ச டிக் காட்டுற போலி ஆப்பே இருக்கு. உங்க போன்ல மெசேஜ் வரணும், இல்ல ஸ்பீக்கர் பாக்ஸ் சொல்லணும். அந்த மீன் கடை அக்கா 400 ரூபா வஞ்சிரத்துக்கு ஒருத்தன் காட்டின டிக்க பாத்துட்டு மீனக் குடுத்துட்டாங்க, ராத்திரி கணக்குப் பாத்தா காசே வரல. இப்ப போன பிளாஸ்டிக் கவருக்குள்ள போட்டு கழுத்துல தொங்க விட்டிருக்காங்க, நோட்டிஃபிகேஷன் சத்தம் வந்தா தான் பை கைமாறும்.

சில்லற செலவுக்கு யூபிஐ லைட். டீ, பால், ஷேர் ஆட்டோ. ஒரு தடவைக்கு 1,000 ரூபா வரைக்கும் பின் இல்லாம போகும், 5,000 வரைக்கும் உள்ள வச்சிக்கலாம். ஆனா வைக்காதீங்க, ஐநூறு போதும், அது பர்ஸ் மாதிரி தான். இதுல பெரிய சௌகரியம் பேங்க் பாஸ்புக்குல பன்னண்டு ரூபா டீ எல்லாம் தனித்தனியா ஏறாது. போன ரீசெட் பண்றதுக்கு முன்னாடி லைட்ல மிச்சம் இருக்கிற காச பேங்குக்கு திருப்பிடுங்க.

காசு ஏமாந்துட்டா 1930க்கு, சைபர் கிரைம் ஹெல்ப்லைன் அது, உடனே அடிங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க, காசு கை மாறுறதுக்குள்ள நிறுத்தினா தான் உண்டு. கம்ப்ளெயின்ட் நம்பர வாங்கி எழுதிக்கோங்க.

## 9. பஸ்சு, ட்ரெய்ன், மெட்ரோ

இதுக்கு முன்னாடி எட்டாவது ஸ்டெப் முடிஞ்சிருக்கணும், டிக்கெட்டுக்கு காசு அதுலேர்ந்து தான் போகும்.

சென்னை ஒன் ஆப்ப போடுங்க. மாநகர பஸ், மெட்ரோ, புறநகர் ட்ரெய்ன் மூணுக்கும் ஒரே ஆப்ல டிக்கெட், பஸ் எங்க வருதுன்னும் காட்டும். நம்ம பொண்ணுங்க சாதா பஸ்ல காசு குடுக்காம தானே போறாங்க, அவங்களுக்கு எதுக்குன்னு கேட்டா, மின்ட் பஸ் ஸ்டாண்டுல வெயில்ல நிக்காம பஸ் கிட்ட வந்ததும் வீட்டுலேர்ந்து கெளம்பலாம், அதுக்கு.

தெனம் ட்ரெய்ன்ல போறவங்க, கொருக்குப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கும்மிடிப்பூண்டி வண்டி புடிக்கிறவங்க, ரயில் ஒன் போட்டுக்கோங்க. ரயில்வேயோட ஆப் அது, சாதா டிக்கெட், சீசன், பிளாட்பார்ம் டிக்கெட் எல்லாம் அதுல வரும். டிக்கெட்ட ஸ்டேஷனுக்கு உள்ள வர்றதுக்கு முன்னாடியே எடுங்க. உள்ள நின்னுக்கிட்டு எடுத்தா ஜிபிஎஸ் பாத்து முடியாதுன்னு சொல்லிடும், டிடிஆர பாத்ததும் அவசர அவசரமா எடுக்கிறவங்களுக்கு வச்ச ஆப்பு அது. லேட்டா வந்துட்டீங்கன்னா ஸ்டேஷன்ல ஒட்டியிருக்கிற கியூஆர ஸ்கேன் பண்ணி எடுக்கலாம்.

டிக்கெட்ட ஆப்புக்குள்ள தொறந்து தான் காட்டணும். ஸ்க்ரீன்ஷாட் செல்லாது. சார்ஜ் தீந்து போன் செத்துட்டா டிக்கெட் இல்லாத கணக்கு தான், சாயங்காலம் திரும்பி வரும்போது பத்து பர்சென்ட் வச்சிக்கிட்டு பாட்டு கேட்டுட்டு வராதீங்க.

மெட்ரோல கியூஆர் டிக்கெட்டுக்கு 20 சதவீதம் கொறையும். விம்கோ நகர்லேர்ந்து தெனமும் ஊருக்குள்ள வேலைக்குப் போறவங்களுக்கு மாசக் கடைசில அது நல்லாவே தெரியும்.

## 10. டாக்குமென்ட், கரண்ட் பில்லு

டிஜிலாக்கர். ஆதார்ல இருக்கிற நம்பருக்கு ஓடிபி வரும், வந்தா தான் உண்டு. வண்டி ஓட்டுறவங்க லைசென்ஸ், ஆர்சி ரெண்டையும் எடுத்து வச்சிக்கோங்க. டிராஃபிக் போலீஸ் கேட்டா ஆப்ல காட்டலாம், அது சட்டப்படி செல்லும். கேமரால புடிச்ச போட்டோவ கேலரில வச்சு காட்டினா அதுக்கு அந்த மதிப்பு கெடையாது. நெறைய பேரு ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சிட்டு இருக்காங்க.

இதுல நம்மாளுங்களுக்குன்னே ஒரு தொல்லை இருக்கு, இனிஷியல். ஆதார்ல பேருக்கு முன்னாடி இனிஷியல், லைசென்ஸ்ல பின்னாடி, பத்தாவது மார்க் ஷீட்ல அப்பா பேரே முழுசா விரிஞ்சிருக்கும். கம்ப்யூட்டர் இவங்க மூணு பேரும் ஒரே ஆளுன்னு ஒத்துக்காது, பேர் பொருந்தலன்னு சொல்லும். ஆப்ப திட்டி பிரயோஜனம் இல்ல, எதாச்சும் ஒரு எடத்துல பேர திருத்தினா தான் வரும்.

கரண்ட் பில்லு ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ. தனி ஆப் போடலாம், இல்ல யூபிஐ ஆப்லயே கட்டலாம், நான் ரெண்டாவது. சர்வீஸ் நம்பர் போடும்போது முன்னாடி ரெண்டு எண்ணு மண்டலம், வட சென்னைக்கு 01. அந்த சைபர விட்டுட்டு "நம்பர் தப்புன்னு வருது"ன்னு வர்றவங்க தான் ஜாஸ்தி. காசு போறதுக்கு முன்னாடி யார் பேர் வருதுன்னு பாருங்க, வாடகை வீடுன்னா ஓனர் பேரு வரணும். பக்கத்து போர்ஷன் பில்ல கட்டிட்டு அவங்ககிட்ட காசு கேட்டு அலைஞ்ச கதை எங்க காம்பவுண்ட்லயே இருக்கு.

"இன்னிக்கு ராத்திரி ஒம்பதரைக்கு உங்க கரண்ட் கட்"னு ஒரு நம்பரோட மெசேஜ் வந்தா அந்த நம்பருக்கு அடிக்காதீங்க. சந்தேகம்னா மின்வாரியத்தோட மின்னகம், 94987 94987, அங்க கேளுங்க.

## 11. மழைக்கும் கடலுக்கும்

2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல்ல எங்க பக்கம் கரண்டும் இல்ல, டவரும் இல்ல. போன்ல எல்லாமே இருந்துச்சு, எதுவும் தொறக்கல. அதுலேர்ந்து அக்டோபர் பொறந்தா நான் செய்ற வேலை இது: கூகுள் மேப்ஸ்ல வட சென்னை பூரா ஆஃப்லைன் மேப்பா எறக்கிடுவேன், நெட் இல்லாமயும் தெரு தெரியும். டிஎன் அலர்ட், தமிழ்நாடு அரசோட மழை எச்சரிக்கை ஆப், அத போட்டு நோட்டிஃபிகேஷன் ஆன்ல இருக்கான்னு பாப்பேன், போட்டுட்டு சத்தத்த ஆஃப் பண்ணி வச்சா என்னா பிரயோஜனம். பவர் பேங்க் ஃபுல் சார்ஜ்.

கடலுக்குப் போறவங்க சமுத்ரா போட்டுக்கோங்க, ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனத்தோட ஆப். அலை எவ்ளோ உயரம், மீன் எந்தப் பக்கம் சேரும்னு அதுல வரும். கரையில இருக்கும்போதே தொறந்து பாத்துட்டு கெளம்புங்க, உள்ள போய்ட்டா சிக்னல் எங்க இருக்கு.

வீட்ல பொண்ணுங்க போன்ல காவல் உதவி. தமிழ்நாடு போலீஸ் ஆப், செவப்பு பட்டன். போட்டு, லொகேஷன் பர்மிஷன் குடுத்து, பேர் விலாசம் நெரப்பி வைங்க. ஆபத்து நேரத்துல உக்காந்து ஃபார்ம் நெரப்ப முடியாது.

## 12. போடக் கூடாதது

வாட்ஸ்அப்ல வர்ற ஏபிகே ஃபைல், அமுக்கினா ஆப்பா இன்ஸ்டால் ஆகுற ஃபைல் அது. கல்யாணப் பத்திரிகைன்னு வரும், டிராஃபிக் ஃபைன்னு வரும், பேங்க் கேஒய்சின்னு வரும், தெரிஞ்சவங்க நம்பர்லேர்ந்தே வரும், ஏன்னா அவங்க போன் ஏற்கனவே போயிருக்கும். பத்திரிகை போட்டோவா வரும் இல்ல பிடிஎஃப்பா வரும், இன்ஸ்டால் பண்ண சொல்லாது. பிளே ஸ்டோர் தவுத்து வேற எங்கேர்ந்தும் போடாதீங்க. செட்டிங்ஸ்ல அன்நோன் ஆப்ஸ்னு தேடி வாட்ஸ்அப்புக்கும் குரோமுக்கும் அனுமதி ஆஃப்ல இருக்கான்னு பாருங்க.

அஞ்சு நிமிஷத்துல லோன் தர்ற ஆப். கான்டாக்ட், போட்டோ எல்லாம் கேக்கும். கடன் ஆப் இதெல்லாம் தொடக் கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் விதியே 2022லேர்ந்து இருக்கு, அப்படியும் கேக்குதுன்னா அது எப்பேர்ப்பட்ட ஆளுன்னு பாத்துக்கோங்க. நம்ம ஏரியா வட்டிக்காரராச்சும் வீட்டு வாசல்ல நின்னு தான் கத்துவாரு, இவன் உங்க போன்ல இருக்கிற சம்பந்தி வரைக்கும் போட்டோ அனுப்புவான்.

கஸ்டமர் கேர்னு பேசுறவன் ஸ்க்ரீன் ஷேர் ஆப் போட சொன்னா கட் பண்ணிடுங்க. உங்க விரல் போற எடமெல்லாம் அவனுக்குத் தெரியும்.

## 13. பேப்பர முடிங்க

ஆரம்பத்துல எடுத்த பேப்பர்ல இப்ப என்னென்ன இருக்கணும்: ஐஎம்இஐ, ஜிமெயில் ஐடி, பாஸ்வேர்டு, பத்து பேக்கப் கோடு, பேங்கோட ஹெல்ப்லைன், சிம் கம்பெனி ஹெல்ப்லைன், 1930, வீட்டாளுங்க நாலு பேர் நம்பர். யூபிஐ பின்னும் போன் லாக்கும் எழுதாதீங்க.

இது எதுக்குன்னா, போன வருஷம் ராயபுரம் பஸ் ஸ்டாப்புல என் போன் போச்சு. ஊருக்கே சொல்லிக் குடுக்கிறவன், என் பேப்பர நானே எழுதி வைக்கல. மொதல்ல போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினேன், ஐஎம்இஐ கேட்டாங்க, தெரியல, போன் டப்பாவ தேடி வீட்டுக்கு ஓடினேன், அதுக்குள்ள ரெண்டு மணி நேரம். சிம் அது வரைக்கும் உயிரோட தான் இருந்துச்சு, நல்ல வேள யாரும் ஒண்ணும் பண்ணல.

நீங்க இப்படி செய்ங்க. மொதல்ல வேற போன்லேர்ந்து சிம்ம பிளாக் பண்ணுங்க. அடுத்து பேங்க் ஹெல்ப்லைன்ல சொல்லி யூபிஐய நிறுத்துங்க. அப்புறம் ஃபைண்ட் ஹப்ல (தொலைஞ்ச போன தேடுற கூகுளோட ஆப்) லாகின் பண்ணி போன லாக் பண்ணுங்க, எங்க இருக்குன்னு காட்டினா தனியா போய் நிக்காதீங்க, போலீஸ்ல சொல்லுங்க. ஸ்டேஷன்ல கம்ப்ளெயின்ட் காப்பி வாங்கினதும் மத்திய அரசோட சஞ்சார் சாத்தி ஆப்ல, இல்ல சைட்ல, ஐஎம்இஐய பிளாக் பண்ணுங்க, அந்தக் காப்பி இல்லாம அது நடக்காது. உங்க பேர்ல வேற எத்தன சிம் ஓடுதுன்னும் அதே எடத்துல பாக்கலாம், எங்க மாமா பேர்ல அவருக்கே தெரியாம ரெண்டு இருந்துச்சு.

டூப்ளிகேட் சிம் வாங்கின மொத 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது. வேணும்னே தான் நிறுத்தி வைப்பாங்க, திருட்டுத்தனமா சிம் மாத்துறவன் ஓடிபிய புடிச்சிடக் கூடாதுன்னு. அது தெரியாம நான் ராத்திரி பூரா யூபிஐ ஆப்ப போட்டுப் போட்டு எடுத்துட்டு இருந்தேன். மறுநாள் சாயங்காலம் தானா வந்துச்சு.

பேப்பர கேஸ் சிலிண்டர் புக்குக்குள்ள வைங்க, எங்க வீட்ல அங்க தான் இருக்கு. போன் கவருக்குப் பின்னாடி மடிச்சு சொருகி வைக்கிறவங்களும் இருக்காங்க, போன வாரம் கூட ஒருத்தர் கவர கழட்டும்போது கீழ விழுந்துச்சு.